தொடாதேங்கோ ஐயாவும் அரக்கு வைத்த பொனட்டும்

கள்ளனை விரட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூரையில் குதிக்கிற குரங்கை விரட்டுகிறவர்களைக் கண்டியில் தினமும் பார்க்கலாம். ஆனால் உதவி செய்ய ஓடி வருகிறவனைக் குடையால் விரட்டுகிற ஒரே ஒரு மனிதரைத்தான் என் எழுபது சொச்சம் வயதில் பார்த்திருக்கிறேன். அவருடைய சொந்தப் பெயர் கட்டுகஸ்தோட்டையில் யாருக்கும் தெரியாது. தொடாதேங்கோ ஐயா என்றால் பால்காரனும் வழி காட்டுவான்.

என்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டால் கதை சுலபம். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில், பிறந்தவன் நான். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஐந்தாம் வகுப்போடு ஒத்துவராமல் போனது. லொறியில் கிளீனராக ஏறியவன், இன்றைக்கு மகாவலி ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்திலே சொந்தக் கராஜ், சொந்த லொறி, சொந்த ஜீப் என்று நிற்கிறேன். ஒரு வாகனம் பாலத்தின் அந்தக் கரையில் வரும்போதே அதற்கு என்ன வியாதி என்று இந்தக் கரையில் இருந்து சொல்லுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைதான். ஆனால் உண்மை. எங்கள் பக்கம் ஸ்பேனர் பிடித்த எவனும் பாஸ்தான். ஆனால் வெறுமனே 'பாஸ்' என்றால் அது நான்.

ஐயா யாழ்ப்பாணத்தவர். அரசாங்கக் கச்சேரியில் பிரதம லிகிதராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து பென்சன் எடுத்தவர். அவரும் அவர் குடையும் ஒரே பருமன். மனைவியை எல்லோரும் டீச்சர் என்போம். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடங்களிலேயே சேவைக்காலம் முழுவதையும் முடித்த மனுஷி. ஓய்வுபெற்றுக் கட்டுகஸ்தோட்டை மேட்டில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்த கையோடு டீச்சருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. கிழமை தவறாமல் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். திரும்பும்போது பஸ் மிதிபலகையில் கால் தூக்கி வைக்கவே அவரால் முடியாது. அதற்காகத்தான் ஐயா, பென்சனோடு வந்த மொத்தத்தையும் கொட்டி ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினார். அது ஓடினால்தான் டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போவார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள். இல்லாவிட்டால் ஐயாவைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன்.

வாங்குகிற அன்றைக்கு என்னைக் கூட்டிக்கொண்டுதான் போனார். பழைய கார்கள் விற்கிற முஸ்லிம் வியாபாரி, கார் சேல் நானா, பொனட்டில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பாஸ், நீங்களே ஐயாக்குச் செல்லுங்க. வாகனம் தங்கம் மாதிரி ஈக்கு."

நான் இஞ்சினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்தேன். "தங்கம்தான் நானா. ஆனா தங்கத்துக்கும் தேய்மானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அதுக்குத்தானே இந்த பிரேக்டவுன் இன்சூரன்ஸ் ஈக்கு!"

வழக்கமான இன்சூரன்ஸ் எதிலாவது மோதினால் பணம் கொடுக்கும். இது வேறு. எதிலும் மோதாமல், இஞ்சினோ கியர்பொக்ஸோ உள்ளுக்குள்ளே தானாகப் பழுதுபட்டால் செய்து கொடுக்கும். டயர், பிரேக், பெட்டரி மாதிரித் தேய்கிற சாமான்களுக்கு இல்லை. பெரிய வியாதிக்கு மட்டும்தான். இருமல் தடிமனுக்கு நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

"வேணாங்கய்யா" என்றேன். "கட்டுற காச மாசாமாசம் ஒரு பிஸ்கட் டின்னுல போடுங்க. கார் நின்னா டின்னத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட வாங்க. இந்தக் கைதான் இன்சூரன்ஸ்."

ஐயா என் கையை உற்றுப் பார்த்தார். கிரீஸ் ஊறிய கை. கச்சேரிக் கோப்பைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"டின் நிரம்ப முன்னம் கியர்பொக்ஸ் போனால், பாஸ்?"

"அதான் நான் இருக்கேன்ல?"

"ஓம், நீங்கள் இருக்கிறீங்கள். கியர்பொக்ஸ் எங்கை இருக்கு? உங்கடை கராஜ் வாசல் பலாமரத்திலை காய்க்குதோ?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. அன்றைக்கு வாயில் வரவில்லை. இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எழுதிக் கொடுத்த நிபந்தனைகளை ஐயா நின்றபடியே வாசித்தார். மற்றவர்கள் கலியாண வீட்டுச் சாப்பாட்டு மணத்தில் முகம் மலர்வதுபோல அவருக்கு நிபந்தனை வாசித்தால் முகம் மலரும். கம்பனி சொன்ன இடத்தில்தான் சேர்விஸ் செய்யவேண்டும். பழுது வந்தால் போன் பண்ணவேண்டும். அவர்கள் ஆள் வந்து பார்க்கும்வரை வெளி ஆள் எவரும் வாகனத்தில் கைவைக்கக் கூடாது.

கடைசி நிபந்தனையைக் கேட்டு நானும் நானாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். கண்டியில் நடக்கிற காரியமா இது? ஐயா சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் மலை ரோட்டில் ஒரு வாகனம் நின்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். டிரைவர் இறங்குவதற்குள் பின்னால் வந்த பஸ் கண்டக்டர் வண்டி உருளாமல் சில்லுக்குக் கல் வைத்துவிடுவான். த்ரீவீல்காரன் பொனட்டைத் திறந்துவிடுவான். சொந்தக்காரனிடம் கேட்கிற வழக்கம் கிடையாது. அடுத்து வந்தவன் ஒரு வயரைப் பிடுங்குவான். அதற்கு அடுத்தவன் அதை வேறு இடத்தில் செருகுவான். கொழுந்துக் கூடையோடு போகிற அக்கா, "தண்ணி இல்லாமத்தான் இருக்கும், பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். பாதி நேரம் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். டேங்கில் ஓட்டை என்றால் குளிக்கிற சவர்க்காரம், பெல்ட் அறுந்தால் இடுப்புச் சாரத்தில் கிழித்த துணி. எப்படியோ வண்டி புறப்பட்டுவிடும். அப்படிப்பட்ட ஊரில் பொனட்டைத் தொடாதே என்பது, பந்தியில் உட்காரவைத்து இலையைத் தொடாதே என்பது மாதிரி.

முதல் கூத்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்து முனையில். காலை, பள்ளிக்கூட நேரம். கார் படக்கென்று நின்றது. பழக்கம்போல நாலாபுறமும் ஆள் ஓடிவந்தது. ஐயா கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து, பொனட்டுக்கு முன்னால் குடையை விரித்துப் பிடித்தார்.

"தொடாதேங்கோ! ஒருத்தரும் தொடாதேங்கோ!"

"ஐயா, சின்ன வேலைதான், பார்த்துத் தாறம்!" என்று ஒருவன் குடைக்கு அடியால் புகுந்தான்.

"தம்பி, கையை எடும்! எடும் எண்டுறன்!" சிங்களத்தில் வந்தவர்களுக்குச் சிங்களத்திலும் ஆணை போட்டார். "அல்லன்ன எப்பா!"

எங்கள் ஆட்களுக்கு இந்தத் தடை புரியவில்லை. உதவி வேண்டாம் என்று ஒருத்தன் சொன்னால் உள்ளே ஏதோ இருக்கவேண்டும் அல்லவா? பின்வரிசையில் ஒருவர் "உள்ள பாம்பு" என்று சொல்லிவிட்டார். பாலத்தின் அந்தக் கரைக்குப் போவதற்குள் அது நாகபாம்பாகி, அதற்குக் குட்டிகளும் பிறந்துவிட்டன. ஒரு பெண் கடையில் இருந்து கிண்ணத்தில் பாலும் முட்டையும் கொண்டுவந்து டயரடியில் வைத்துக் கும்பிட்டார். போக்குவரத்துப் பொலிஸ்காரர் வந்தவர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தூரத்தில் நின்றே விசில் ஊதினார்.

கம்பனி ஆள் ஒருவழியாக நெரிசலில் நீந்தி வந்து, பொனட்டைத் திறந்து, விரலால் ஒரு திருகு திருகினான். பெட்டரி வயர் கழன்றிருந்தது. அவ்வளவுதான். அது இன்சூரன்சிலும் இல்லை. கூட்டம் போட்ட சத்தத்தில் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த யானையே திரும்பிப் பார்த்திருக்கும்.

"இதுக்கா ஐயா இவ்வளவு?" என்றேன், கராஜில் இருந்து வேடிக்கை பார்க்க வந்த நான். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

ஐயாவுக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை. "இண்டைக்குப் பெட்டரி வயர். நாளைக்குக் கியர்பொக்ஸ் எண்டால்? ஒருத்தன் கைவைச்சான் எண்டு அவங்கள் எழுதினால் முடிஞ்சுது. பழக்கம் முக்கியம், பாஸ்."

இரண்டாவது கூத்தில் நாயகன் நான். மடுல்கெல்லக் கோயில் திருவிழா முடிந்து, லொறியில் வந்துகொண்டிருக்கிறேன். பன்விலப் பக்கம் ஐயாவின் கார் ஓரத்தில் நிற்கிறது. முன்னால் ஆவி. ஐயா கம்பனி ஆளுக்காகக் காத்திருந்து காத்திருந்து, குடையை மடியில் வைத்தபடி சீட்டில் தூங்கிவிட்டார். டீச்சர் வெளியில் நின்று எனக்குக் கை காட்டினார்.

"பாஸ், சத்தம் போடாம பாக்கிறீங்களோ? மனுஷன் எழும்பினால் விடமாட்டார்."

ரேடியேட்டர் குழாயில் கீறல். பழைய டியூப் ரப்பரை வெட்டி, இறுக்கிச் சுற்றி, ஓடையில் தண்ணீர் மொண்டு ஊற்றி, ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரத்தில் முடித்துவிட்டேன். அப்படிச் சுற்றுகிற ஆள் கண்டி மாவட்டத்தில் நான் ஒருவன்தான். பொனட்டை மூடிய சத்தத்தில் ஐயா எழும்பினார்.

"என்ன செய்தனீங்கள், பாஸ்?"

"வண்டிய எழுப்பிட்டேன் ஐயா. கெளம்புங்க."

"ஐயோ! நீங்கள் எழுப்பினது வண்டியை இல்லை. கம்பனிக்காரனை!"

வேறொருவர் என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார். இவர் கச்சேரி ஆள். மறுநாளே கம்பனிக்குத் தானே போன் பண்ணி, 'வெளி ஆள் ஒருவர் கைவைத்துவிட்டார்' என்று என்னைப் பற்றித் தானே முறைப்பாடு செய்துகொண்டார்! அவர்களும், இந்த ஒருமுறை மன்னிக்கிறோம், இன்னொரு வெளிக்கை பட்டால் இன்சூரன்ஸ் ரத்து என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் என் கராஜுக்கு வந்து, என் கதிரையை இழுத்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். நான் கொடுக்கிற பிளேன்டீயை மட்டும் குடிப்பார்.

அந்தக் கோபம் ஆறியபோது ஒரு புது வேலை தொடங்கினார். தேர்தல் கடமையில் வாக்குப்பெட்டிகளுக்கு முத்திரை வைத்த கை அது. பொனட்டின் விளிம்பில் ஒரு சணல் நூலைக் குறுக்கே கட்டி, மெழுகுதிரியில் சிவப்பு அரக்கை உருக்கி, சொட்டுச் சொட்டாக ஊற்றி, தன் மோதிரத்தால் அழுத்தினார். கம்பனி சேர்விசுக்குப் போனால் அங்கே உடைப்பார்கள். இவர் பக்கத்தில் நின்று மறுபடி வைப்பார். வெயிலில் அரக்கு இளகி வழிந்தால் ஈரத்துணியால் ஒற்றி, திரும்பவும் மோதிரம்.

கார் சேல் நானா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "யா அல்லா! ஐயா, இது காரா, வாக்குப்பெட்டியா? இதுல யாரு ஜெயிச்ச எண்டு எப்ப எண்ணுவீங்க?"

"சிரியுங்கோ நானா, சிரியுங்கோ. வித்தது நீங்கள்தானே."

நானா அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

வந்தது அந்த நாள். டீச்சரிடம் படித்த ஒரு பெண்ணுக்கு ஹேவாஹெட்டத் தோட்டத்தில் கலியாணம். டீச்சர் வராமல் தாலி ஏறாது என்று மணப்பெண் வீட்டார் பிடிவாதம். மறுநாள் டீச்சருக்கு ஆஸ்பத்திரி நாள். கலியாணத்துக்குப் போய்விட்டு அன்று மாலைக்குள்ளேயே திரும்புவதாக ஏற்பாடு. எனக்கும் அழைப்பு இருந்தது. என் ஜீப்பில் அவர்கள் காருக்குப் பின்னால் போனேன்.

தலாத்துஓயா தாண்டி ஏற்றம் தொடங்கியது. ஒரு வளைவில் முன்னால் போன கார் ஓர் அனத்தல் அனத்தியது. நான் ஜீப்பை ஓரம் கட்டினேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கியர்பொக்ஸ். இஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. அந்தச் சாமானின் விலை, ஐயாவின் பென்சனுக்கு எட்டாத உயரம். இன்சூரன்ஸ் கைவிட்டால் கார் அவர் முற்றத்தில் கோழிக்கூடாகத்தான் நிற்கும். டீச்சருக்கு மறுபடியும் பஸ் மிதிபலகை.

ஐயா இறங்கினார். என்னைப் பார்த்தார். போனை எடுத்துக் கம்பனிக்குச் சொன்னார். ஆள் வர நேரமாகும் என்றார்கள்.

அப்போதுதான் மாப்பிள்ளை வீட்டு பஸ் வளைவில் வந்து நின்றது.

பஸ்ஸில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் டீச்சரிடம் படித்தவர்கள். "அட, நம்ம டீச்சரோட காரு!" என்று ஒரு குரல். அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அத்தனை பேரும் குதித்தார்கள். டீச்சர் கையால் அடிவாங்கிய ஒவ்வொருவனும் அன்றைக்கு அந்தக் கடனைப் பொனட்டில் தீர்க்க வந்தவன் மாதிரி வந்தான். தோட்டத்து ஃபெக்டரி மெஷின்காரன் ஒருவன், கொழும்பில் டிரைவர் ஒருவன், துபாயில் கிரேன் ஓட்டிவிட்டு வந்தவன் ஒருவன். எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

"தொடாதேங்கோ!" குடை விரிந்தது. ஆனால் ஒரு குடை எத்தனை பேரை மறிக்கும்? ஐயா ஒற்றைக் கையால் கும்பிட்டார். "பிள்ளையள்... கெஞ்சிக் கேக்கிறன். தொடாதேங்கோ."

"என்னங்கய்யா நீங்க, டீச்சர நடுரோட்டுல வெச்சிக்கிட்டு நாங்க பாத்துக்கிட்டு நிக்கிறதா?" துபாய்க்காரன் அரக்கில் நகத்தை வைத்தான். இன்னொருவன் தடுத்தான். "இருடா, பாஸ் நிக்கிறாரு. அவரவிடப் பெரிய ஆளா நீ? பாஸ், வாங்க! நீங்க தொறங்க!"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. என் கை தானாக எழுந்துவிட்டது. அந்தக் கை சும்மா இருந்து பழக்கப்படாத கை. எனக்கு அப்போது டீச்சர் தெரிந்தார், கார் கண்ணாடிக்குப் பின்னால். பன்விலயில் எனக்குக் கை காட்டிய அதே டீச்சர், இப்போது வேண்டாம் என்று தலையை மட்டும் மெதுவாக ஆட்டினார்.

நான் நேரே போனேன். துபாய்க்காரனைத் தள்ளினேன். திரும்பி, அந்தப் பொனட்டின் மேல் என் முழு எடையோடும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். என் எடையை ஊரறியும்.

"இன்னைக்கு இந்தக் கார எவனும் தொடக் கூடாது. என்னையத் தூக்கிட்டுத் தொறக்கிறவன் இருந்தா வாங்கடா!"

"பாஸ், ஒங்களுக்கு என்ன ஆச்சு? வேல தெரியாதா?"

"தெரியும்டா. எல்லாம் தெரிஞ்ச நானே கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். ஒனக்கென்ன?"

ஐயா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குடையை என் தலைக்கு மேல் பிடித்தார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

காரில் கைவைக்க முடியாவிட்டாலும் எங்கள் சனம் சும்மா போகுமா? டீச்சரை ஒரு கதிரையில் வைத்துப் பல்லக்கு மாதிரித் தூக்கி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு மாப்பிள்ளைக்கே அந்த மரியாதை கிடைக்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தூறலுக்குத் தார்ப்பாய்ப் படங்கு கட்டினார்கள். கலியாணச் சோறு வாழையிலையில் சுற்றி வந்தது. பொனட்டில் இருந்தபடியே சாப்பிட்டேன். ஐயா நின்றபடி சாப்பிட்டார்.

கம்பனி ஆள், பாலத்துக்கு வந்தவன் இல்லை, வேறொருவன், பொழுது சாயத் தொடங்கும்போது வந்தான். பொனட்டில் நான், தலைக்கு மேலே குடை, கீழே அரக்கு.

"சேர், இந்த மலையில நான் பாக்குற மொத மூடின பொனட் இதுதான். எங்க போனாலும் நாலு பேர் கழட்டி வெச்சிருப்பாங்க. நாங்க என்னத்த எழுதுறது?"

ஐயா குனிந்து, முத்திரையைத் தானே காட்டி, "உடையுங்கோ" என்றார்.

கம்பனி கியர்பொக்ஸ் போட்டுக் கொடுத்தது. இழுத்தடித்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சேர்விஸ் எல்லாம் சரி, முத்திரை சரி, வேறு காரணம் சொல்ல அவர்களுக்கு வாய் இல்லை. கார் வேலைக்குக் கிடந்த நாட்களுக்கு அவர்கள் வேறு வாகனம் தரவில்லை. அதுவும் நிபந்தனையில் இருந்ததாம். அந்த நாட்களில் டீச்சரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என் ஜீப். ஒருநாள் வழியில் அது நின்றுபோய், நான் இறங்கிப் பொனட்டில் கைவைத்ததும், முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஐயா கண்ணைத் திறக்காமலே கத்தினார்: "தொடாதேங்கோ!"

பழைய காருக்கு அந்த இன்சூரன்ஸ் வேண்டுமா, வேண்டாமா என்று இன்றைக்கும் கராஜில் என்னிடம் கேட்கிறார்கள். தெளிவாகச் சொல்லுகிறேன். என் மாதிரிக் கை உள்ளவனுக்கு பிஸ்கட் டின் போதும். கார் நின்றால் வாழ்க்கையே நின்றுபோகிற வீட்டுக்கு, டின் நிரம்பும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு, அது வேண்டும். ஆனால் வாங்கினால் மட்டும் போதாது. நிபந்தனையை வாசிக்கவும், குடை பிடிக்கவும் வீட்டில் ஒரு தொடாதேங்கோ ஐயா வேண்டும். அப்படி ஆள் இல்லாதவன் கட்டுகிற காசு மகாவலியில் போட்ட காசு.

இன்சூரன்ஸ் காலம் முடிந்த மறுநாள் காலையில் ஐயாவின் கார் என் கராஜ் வாசலில் வந்து நின்றது. டீச்சர் உள்ளே இருந்து சிரித்தார். இவ்வளவு பழைய காருக்கு இனிமேல் எந்தக் கம்பனியும் அந்த இன்சூரன்ஸ் கொடுக்காது. ஐயா இறங்கி, மோதிரம் பதிந்த அரக்கைப் பேனாக்கத்தியால் மெதுவாகக் கிளப்பி, சணலை அறுத்து, பொனட்டைத் தன் கையாலேயே தூக்கிப் பிடித்தார்.

"இனித் தொடுங்கோ, பாஸ்."

ஆயிரம் இஞ்சினை அப்படியே அள்ளியெடுத்த கை இது. அன்றைக்குத்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு காரைத் தொடுவதற்கு முன்னால் குழாயடிக்குப் போய் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.